ஜெர்மன் கூர்முனைத் தலைக்கவசத்தின் துணியுறை: அசலையும் போலியையும் அறிகுறிகளைக் கொண்டு பிரித்தறியும் வழிமுறை

பிக்கல்ஹௌபெ எனப்படும் ஜெர்மன் கூர்முனைத் தலைக்கவசத்தைச் சேகரிப்பவர்கள் உலகெங்கும் இருக்கிறார்கள். அதன்மேல் போர்த்தப்பட்ட துணியுறையைத் தேடிச் சேகரிப்பவர்கள் மிகக் குறைவு. ஆனால் 1914ஆம் ஆண்டில் பெல்ஜியத்துக்குள்ளும் பிரான்சுக்குள்ளும் நடந்துசென்ற ஜெர்மன் காலாட்படை வீரரின் தலையில் எதிரியின் கண்ணுக்குப் பட்டது பளபளக்கும் பித்தளைக் கழுகு அன்று. அதை மறைத்த மங்கிய பழுப்புத் துணிதான். தோலும் பித்தளையும் நூறாண்டு தாங்கின. துணி மழையிலும் சேற்றிலும் நைந்து குப்பைக்குப் போயிற்று. அதனால் அசல் உறை அரிதாகிவிட்டது, அரிதானதால் விலையேறியது, விலையேறியதால் போலிகளும் பெருகின. வரலாற்றுப் போர்க்காட்சிகளை நடித்துக் காட்டும் குழுக்களுக்காகவும் திரைப்படங்களுக்காகவும் நேர்மையாகத் தைக்கப்பட்ட நகல்கள்கூட, இரண்டு மூன்று கைகள் மாறியபின் அசல் என்ற பெயரில் விற்பனைக்கு வந்துவிடுகின்றன.

உறையைக் கையில் வைத்துக்கொண்டு ஐயத்தோடு நிற்பவருக்காக இதை எழுதுகிறேன். உங்கள் கண்ணில் பட்ட அறிகுறி எதுவோ அந்தப் பகுதியிலிருந்து தொடங்கலாம். ஆனால் அடுத்து வரும் காலவரிசையை மட்டும் முதலில் மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள், ஏனெனில் பின்னால் வரும் பெரும்பாலான சோதனைகள் அதன்மேல்தான் நிற்கின்றன.

முதலில் நிலைநிறுத்த வேண்டிய ஆண்டுகள்

கூர்முனைத் தலைக்கவசம் ஜெர்மன் அரசுகளில் ஒன்றான பிரஷ்யாவில் 1842இல் அறிமுகமானது. துணியுறை அதற்கு அரை நூற்றாண்டு கழித்து, 1892இல்தான் படைக்குப் பொதுவாக வழங்கப்பட்டது. வெளிர் பழுப்பு நிறமுள்ள அந்தத் துணி வெயிலில் வெளுத்து மணல் நிறத்துக்கு வந்துவிடும். முன்பக்கத்தில் ரெஜிமெண்ட் எண் சிவப்பில் இருக்கும். துணியில் வெட்டித் தைத்த எண்ணும் உண்டு, ஸ்டென்சில் வைத்து மையிட்ட எண்ணும் உண்டு. 1914 ஆகஸ்டில் சிவப்பு எண்கள் பச்சையாக மாற்றப்பட்டன. 1915ஆம் ஆண்டு மாதிரித் தலைக்கவசத்தில் கூர்முனை கழற்றக்கூடியதாக வந்தது; போர்முனையில் அதைக் கழற்றிவிட்டே அணிந்தார்கள் என்பதால் கூர்முனைக்கு இடமில்லாத உறைகளும் தோன்றின. 1916 அக்டோபரில் உறையின் நிறம் சாம்பல் பச்சையாக மாற்றப்பட்டது, ஆனால் அதற்குள் எஃகுத் தலைக்கவசம் முன்னணிப் படைகளுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. பிரஷ்யக் காவற்படை ரெஜிமெண்டுகளின் உறைகளில் எண் எப்போதுமே கிடையாது.

கருவிகளாகப் பத்து மடங்கு உருப்பெருக்கி ஒன்று, நீண்ட அலைநீளப் புற ஊதா டார்ச் ஒன்று, மெல்லிய சாமணம் ஒன்று, நல்ல பகல் வெளிச்சம் ஆகியவை போதும். எந்தச் சோதனைக்கு முன்பும் உறையைத் துவைக்காதீர்கள், தூரிகையால்கூட அழுத்தித் துடைக்காதீர்கள். நீங்கள் படிக்கப்போகும் சான்றுகளில் பாதி அந்த அழுக்கில்தான் இருக்கிறது.

அறிகுறி: எண்ணின் நிறம், உறையின் நிறம், உறையின் வடிவம் ஆகியவை ஒரே காலத்தைச் சொல்லவில்லை

இது காசு செலவில்லாமல் முதலில் செய்ய வேண்டிய சோதனை. சாம்பல் பச்சைத் துணியில் சிவப்பு எண் இருந்தால், 1914 ஆகஸ்டோடு முடிந்த வழக்கமும் 1916 அக்டோபரில் தொடங்கிய வழக்கமும் ஒரே துணியில் சந்திக்கின்றன என்று பொருள். இதற்கு இயல்பான விளக்கம் இருப்பது அரிது. கூர்முனைக்கு இடமில்லாத உறையில் சிவப்பு எண் இருந்தாலும் அதே முரண்பாடுதான். ஆனால் இங்கே ஒரு விதிவிலக்கைக் கவனிக்க வேண்டும்: பழைய உறையின் கூர்முனைப் பகுதியை வெட்டியெடுத்து, திறப்பை மூடித் தைத்துப் போர்முனையில் பயன்படுத்தியிருக்கலாம். அப்படியானால் உச்சியில் இரண்டு விதமான தையல்கள், அதாவது தொழிற்சாலையின் சீரான இயந்திரத் தையலும் அதன்மேல் வேறு கையால் வேறு நூலில் போடப்பட்ட தையலும் இருக்கும். மூடித் தைத்த இடத்தின் அழுக்கும் வெளுப்பும் சுற்றியுள்ள துணியோடு ஒத்துப்போக வேண்டும். உச்சி ஒரே துண்டாக, ஒரே நூலில், ஆரம்பத்திலிருந்தே கூர்முனை இல்லாமல் வெட்டப்பட்டிருந்தால் இந்த விளக்கம் செல்லாது.

அடுத்ததாக எண்ணையே படியுங்கள். 1914இல் காலாட்படை ரெஜிமெண்டுகளின் பொது வரிசை 182 வரை சென்றது. பவேரியா மட்டும் இதில் சேராமல் தனக்கென 1 முதல் 23 வரை தனி வரிசை வைத்திருந்தது. ஆகவே 182க்கு மேற்பட்ட எண் ஆர் என்ற எழுத்தில்லாமல் சிவப்பில் தைக்கப்பட்டிருந்தால் அதை மேலும் ஆராயவே தேவையில்லை. எண்ணுக்கு மேலே ஆர் எழுத்து இருந்தால் அது ரிசர்வ் ரெஜிமெண்ட், எல் எழுத்து இருந்தால் லாண்ட்வேர் என்னும் மூத்த வயதினரின் படை. 201 முதல் தொடங்கும் ரிசர்வ் ரெஜிமெண்டுகள் 1914 ஆகஸ்டில் போர் தொடங்கிய பிறகே திரட்டப்பட்டவை என்பதால், அவற்றின் எண் சிவப்பில் வந்தால் நான் விலை பேசவே மாட்டேன். இன்னொரு பொறி 108 என்ற எண். அது சாக்சனியின் ஷூட்சன் ரெஜிமெண்டுக்கு உரியது. அவர்கள் கூர்முனைத் தலைக்கவசம் அணியவில்லை, உருளை வடிவ ஷாக்கோ தொப்பியே அணிந்தார்கள். கூர்முனை உறையில் வெறும் 108 என்று இருந்தால், தைத்தவர் எண்ணை மட்டும் பார்த்தார், ரெஜிமெண்டைப் பார்க்கவில்லை என்பது தெரிந்துவிடும்.

பழைய புகைப்படங்களைக் கொண்டு நிறத்தை உறுதிசெய்ய முயல்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. அக்காலத்தில் பரவலாகப் பயன்பட்ட ஆர்த்தோகுரோமாட்டிக் தகடுகளுக்குச் சிவப்பை உணரும் திறன் கிடையாது. சிவப்பு எண் படத்தில் கறுப்பாகவே விழும். எனவே படத்தில் எண் கருமையாகத் தெரிவதை வைத்து அது கரும்பச்சை என்றோ கறுப்பு என்றோ முடிவுகட்ட இயலாது. எண்ணின் வடிவம், உயரம், வைக்கப்பட்ட இடம் ஆகியவற்றை அறிந்துகொள்ளப் படங்கள் மிக நல்ல ஆசான்.

அறிகுறி: உறை பழையதாகவே இருக்கிறது, எண்ணில் மட்டும் ஏதோ இடிக்கிறது

எல்லா வகைப் போலிகளிலும் இதுவே சேகரிப்பாளரை அதிகம் ஏமாற்றக்கூடியது என்பது என் உறுதியான எண்ணம். எண்ணில்லாத அசல் உறை ஒன்றை வாங்கி, அதில் புகழ்பெற்ற ரெஜிமெண்டின் எண்ணைத் தைத்துவிட்டால், துணி, தையல், கொக்கி, முத்திரை என எல்லாச் சோதனைகளிலும் அந்த உறை தேறிவிடும். ஏனென்றால் அவையெல்லாம் உண்மையானவை. பொய் எண்ணில் மட்டுமே இருக்கும், கூடுதல் விலையும் அந்த எண்ணுக்கே கொடுக்கப்படும். ஆகவே இங்கே அவசரப்படக் கூடாது.

முதலில் எண்ணின் ஓரத்தைப் பாருங்கள். நெடுங்காலம் ஒரே இடத்தில் தைக்கப்பட்டிருந்த கம்பளி எண்ணின் விளிம்பையொட்டித் தூசியும் அழுக்கும் ஒரு மெல்லிய கோடாகச் சேர்ந்திருக்கும். உருப்பெருக்கியில் அந்தக் கோடு துணியின் இழைகளுக்குள் இறங்கியிருப்பது தெரியும். புதிதாகத் தைத்த எண்ணின் ஓரம் சுத்தமாக இருக்கும், அல்லது செயற்கையாகப் பூசிய அழுக்கு எண்ணின் மேலும் துணியின் மேலும் தடையில்லாமல் ஒரே பூச்சாக ஓடும்.

பிறகு அந்துப்பூச்சியின் சான்றைத் தேடுங்கள். அந்துப்பூச்சியின் புழு கம்பளி, மயிர், இறகு போன்ற விலங்குப் பொருள்களைத்தான் உண்ணும், பருத்தியை விரும்பாது. எனவே உண்மையான பழைய உறையில் கம்பளி எண் அரிக்கப்பட்டிருக்க, அதன் கீழேயுள்ள பருத்தித் துணி முழுமையாக இருப்பதே இயற்கை. எண்ணையும் துணியையும் ஒருசேரத் துளைத்துச் செல்லும் ஒரே அளவான ஓட்டைகள் பூச்சியின் வேலையாக இருக்க வாய்ப்பில்லை; ஊசியோ சிகரெட்டோ செய்த வேலையாக இருக்கலாம். பருத்தியை அரிப்பது ராமபாணப் பூச்சி. ஆனால் அது ஓட்டை போடுவதைவிட மேற்பரப்பைச் சுரண்டி மெலியவைப்பதே வழக்கம்.

அந்துப்பூச்சி ஓட்டை ஒரு சிறு சன்னலாகவும் பயன்படும். சாமணத்தால் அதன் ஓரத்தை மிக இலேசாகத் தூக்கி, எண்ணுக்குக் கீழே ஒளிபடாமல் இருந்த துணியின் நிறத்தைப் பாருங்கள். உறையின் வெளிப்புறம் வெளுத்திருக்க, எண்ணின் மறைவில் துணி சற்று அடர்ந்த நிறத்தில் இருந்தால், உறை வெளுத்த காலம் முழுவதும் அந்த எண் அங்கே இருந்தது என்று நம்பலாம். மறைவிலும் அதே வெளுப்பு இருந்தால், துணி வெளுத்த பிறகே எண் வந்தது. இதற்கும் ஒரு நேர்மையான விளக்கம் இருக்க முடியும்: சிவப்பு எண்ணை எடுத்துவிட்டுப் பச்சை எண்ணைத் தைத்த உறை. அப்போது பழைய எண்ணின் ஊசித் துளைகள் புதிய எண்ணின் கோட்டுக்கு வெளியே அங்கங்கே தெரியும். பழைய எண்ணின் வடிவத்தில் வெளுக்காத நிழலும் கிடைக்கலாம். அந்த நிழல் வேறொரு எண்ணைக் காட்டினால் உறை ஒரு ரெஜிமெண்டிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றப்பட்டது என்றும் பொருள்கொள்ளலாம், யாரோ பின்னாளில் மாற்றினார் என்றும் பொருள்கொள்ளலாம். இரண்டில் எது என்பதைத் தையலின் பின்புறம்தான் சொல்லும்.

ஆகவே உறையை உள்ளே வெளியே புரட்டுங்கள். எண்ணைத் தைத்த நூலின் பின்பக்கம் உறையின் உட்புற அழுக்கோடு ஒன்றாகக் கலந்திருக்க வேண்டும். தலைக்கவசத்தின் முகப்புத் தகட்டோடு உரசியதால் அந்த நூல் தட்டையாகி, அங்கங்கே கறுத்துப் பளபளப்பேறியிருக்க வேண்டும். சுற்றியுள்ள துணியில் பித்தளையின் கறை படிந்திருக்க, அதன்மேல் ஓடும் நூல் மட்டும் வெளுத்து உருண்டையாக இருந்தால், அந்த நூல் தலைக்கவசத்தின்மேல் ஒருநாள்கூட உட்கார்ந்ததில்லை. எண்ணைத் தைத்த நூலும் உறையைத் தைத்த நூலும் வேறுவேறாக இருப்பது மட்டும் குற்றமாகாது, ஏனென்றால் எண்ணைப் படைப்பிரிவிலேயே தைத்திருக்கலாம்.

ஸ்டென்சில் எண்ணாக இருந்தால் மையைப் பாருங்கள். நைந்து அறுந்த இழைகளின் முனைகளில் மை பட்டிருந்தால், துணி நைந்த பிறகே மை வந்திருக்கிறது. மை பட்ட இழைகள் பின்னர் தேய்ந்து, தேய்ந்த இடத்தில் வெறும் பருத்தி தெரிந்தால் வரிசை சரியாக இருக்கிறது.

அறிகுறி: எண்ணே இல்லை

இதைக் குறையாக எண்ணி விலக வேண்டாம். காவற்படையின் உறை எண்ணில்லாமல்தான் இருக்கும். கிடங்கிலிருந்து படைக்குப் போகாத உறையும் அப்படியே. எண் பிரிக்கப்பட்டிருந்தால் ஊசித் துளைகள் காட்டிக்கொடுக்கும். துளைகளே இல்லாத, நல்ல நிலையில் உள்ள எண்ணில்லா உறையைச் சேகரிப்பின் தொடக்கத்திலேயே ஒன்று வாங்கி ஒப்பீட்டுக்கு வைத்துக்கொள்வது, எண்ணுள்ள உறைக்குப் பெருந்தொகை கொடுப்பதைவிட நல்ல வழி என்பேன்.

அறிகுறி: புற ஊதா ஒளியில் உறை பளிச்சென்று நீலமாக ஒளிர்கிறது

துணியை வெண்மையாகக் காட்டும் ஒளிர்வூட்டிகள் வணிகப் பொருளாக வந்தது 1940ஆம் ஆண்டையொட்டி. சலவைத் தூள்களில் அவை பரவியது இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு. எனவே 1914இன் துணியிலோ நூலிலோ அவை இயல்பாக இருக்க முடியாது. இருண்ட அறையில் டார்ச்சைப் பிடிக்கும்போது பழைய பருத்தி மங்கலாக, அழுக்கு வெண்மையாகத் தெரியும்; ஒளிர்வூட்டி உள்ள நூல் எரியும் நீலத்தில் தனித்து நிற்கும்.

இந்தச் சோதனையைத் தீர்ப்பாகக் கொள்பவர்கள் இரண்டு பக்கமும் தவறிழைக்கிறார்கள். அசல் உறையை 1970களில் ஒரு குடும்பத்தார் நல்லெண்ணத்தோடு சலவைத் தூளில் துவைத்திருந்தால் அது ஒளிரத்தான் செய்யும். போலி செய்பவர் ஒளிர்வூட்டி இல்லாத துணியைத் தேடி வாங்கினால் அது ஒளிராது. ஆகவே ஒளிர்வு எங்கே இருக்கிறது என்பதைக் கவனியுங்கள். துவைத்ததால் வந்த ஒளிர்வு உறை முழுவதும், மடிப்புகளின் உள்ளேயும் பரவியிருக்கும். தையல் நூல் மட்டும் ஒளிர்ந்து துணி மங்கியிருந்தால், துணிக்கும் நூலுக்கும் வயது வேறு. எண்ணைச் சுற்றியுள்ள நூல் மட்டும் ஒளிர்ந்தால் மேலே சொன்ன எண் சோதனைக்குத் திரும்பிச் செல்லுங்கள். அங்கங்கே ஒட்டியிருக்கும் ஒளிரும் பஞ்சுத் துணுக்குகளைப் பொருட்படுத்த வேண்டாம். அவை உங்கள் சட்டையிலிருந்தே வந்திருக்கலாம்.

அறிகுறி: தையல் நூல் சுடரில் உருகுகிறது

உடைமையாளரின் அனுமதியோடு, உட்புறத் தையலில் ஏற்கெனவே தளர்ந்து தொங்கும் நூலிலிருந்து சில மில்லிமீட்டர் மட்டும் வெட்டி, உறையிலிருந்து தள்ளி, பீங்கான் தட்டின் மேல் சாமணத்தில் பிடித்து எரித்துப் பாருங்கள். பருத்தி காகிதம் எரியும் வாசனையோடு எரிந்து மென்மையான சாம்பலாகும். கம்பளி மயிர் கருகும் நாற்றத்தோடு சுருண்டு, நசுக்கினால் பொடியாகும் கரியாக மிஞ்சும். பாலியஸ்டரும் நைலானும் உருகி, ஆறியதும் நசுங்காத கெட்டி மணியாகும். நைலான் 1930களின் கண்டுபிடிப்பு, பாலியஸ்டர் இழை 1941இல் உருவானது. ஆகவே கெட்டி மணி வந்தால் அந்தத் தையல் பேரரசுக் காலத்தது அன்று என்பதில் ஐயமில்லை. பழுதுபார்த்த தையலா, மூலத் தையலா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். பருத்தி என்று தெரிந்தால் அதனால் எதுவும் நிரூபணமாகிவிடாது. பருத்தி நூல் இன்றும் எந்தக் கடையிலும் கிடைக்கிறது.

இங்கேயே தையலின் வகையையும் பார்த்துவிடலாம். இயந்திரத் தையல் இருப்பது பிழையில்லை. 1892இல் தையல் இயந்திரம் எங்கும் வந்துவிட்டது. ஆனால் துணியின் வெட்டு விளிம்புகள் இன்றைய ஆயத்த ஆடைகளைப் போல ஓவர்லாக் (விளிம்பை நூலால் சுற்றிப் பிணைக்கும் தையல்) அடிக்கப்பட்டிருந்தால் அந்த உறையைக் கீழே வைத்துவிடுவது நல்லது. அக்காலத் தையலில் விளிம்பை மடித்துத் தைத்தார்கள், அல்லது வெட்டியபடியே விட்டார்கள்.

அறிகுறி: பழமையின் நிறம் எல்லா இடத்திலும் ஒரே சீராக இருக்கிறது

தேயிலைச் சாற்றிலோ காப்பியிலோ முக்கியெடுத்துப் பழமையூட்டுவது நெடுங்கால வழக்கம். நீரில் கரைந்த நிறம் துணியின் எல்லாப் பகுதிக்கும், தையலுக்குள் மடிந்து மறைந்திருக்கும் ஓரத்துக்கும் சமமாகப் போய்விடும். உலரும்போது தடித்த தையல் கோடுகளின் ஓரம் ஒதுங்கிக் கரைபோல் நிற்கும். உண்மையான வெளுப்பு இதற்கு நேர் எதிரானது. வெயில் மேலிருந்து விழுவதால் உச்சியும் கூர்முனையின் தோளும் அதிகம் வெளுக்கும், விளிம்பின் கீழ்ப்பக்கம் குறைவாக வெளுக்கும், மடிப்புக்குள் இருந்த ஓரம் தொழிற்சாலையிலிருந்து வந்த நிறத்தையே காத்துவைத்திருக்கும். தையல் சற்றுப் பிரிந்த இடம் ஏதேனும் இருந்தால் அங்கே எட்டிப் பாருங்கள். உறையின் பிறந்த நிறத்தை அங்கேதான் காண முடியும். அந்த நிறமும் வெளிநிறமும் ஒன்றாகவே இருந்தால், ஒன்று, துணி வெளிச்சத்தையே பார்க்காமல் இருந்திருக்க வேண்டும், அல்லது சாயத்தில் முங்கியிருக்க வேண்டும்.

தேய்மானத்துக்கும் இடமுண்டு. கூர்முனையின் நுனி உள்ளிருந்து குத்துவதால் அங்கே துணி முதலில் நையும். கூர்முனையின் அடித்தட்டைத் தோலோடு பிணைக்கும் குமிழ்கள் உச்சியைச் சுற்றிச் சிறு தேய்வுப் புள்ளிகளை உண்டாக்கும். முன்பக்கத்தில் பிரஷ்யக் கழுகுத் தகட்டின் மேடான பகுதிகள், இருபுறமும் காதருகே காக்கேடுகள் எனப்படும் வட்ட நிறச் சின்னங்கள் இருக்கும் இடங்கள், இவை உட்புறத்தில் கறையாகவும் பளபளப்பாகவும் பதிந்திருக்கும். உறையை உள்புறமாகத் திருப்பிப் பக்கவாட்டு வெளிச்சத்தில் பார்த்தால் கழுகின் சிறகு விரிந்த அகலத்தைக்கூடச் சில சமயம் படிக்கலாம். அந்த நிழலைப் பார்க்கும்போது ஏற்படும் மகிழ்ச்சிக்காகவே இந்தத் துறையில் பலர் நிலைத்திருக்கிறோம். உப்புத்தாளால் தேய்த்த நைவோ தலைக்கவசத்தின் மேடுபள்ளங்களை அறியாது. உருப்பெருக்கியில் இணைகோடுகளாக ஒரே திசையில் ஓடும்.

அறிகுறி: கொக்கிகள் துருப்பிடித்திருக்கின்றன, துணி சுத்தமாக இருக்கிறது

உறையைத் தலைக்கவசத்தின் முன், பின் மறைப்புகளின் விளிம்பில் பற்றிக்கொள்ளச் சிறு உலோகக் கொக்கிகள் தைக்கப்பட்டிருக்கும். இரும்புக் கொக்கியின் துரு நூறாண்டில் துணிக்குள் கசிந்து, கொக்கியிலிருந்து விலக விலக மங்கிக்கொண்டே போகும். துருவேறிய பருத்தி பலவீனமடைந்து அங்கே உடையவும் செய்யும். பித்தளைக் கொக்கியானால் பச்சைக் களிம்பு நூலைக் கறைப்படுத்தியிருக்கும். அமிலத்தில் தோய்த்துத் துருப்பிடிக்க வைத்த கொக்கியைப் புதிய துணியில் தைத்தால், கொக்கி மட்டும் கிழடாகவும் அதைப் பிடித்திருக்கும் நூல் இளமையாகவும் நிற்கும். கொக்கி ஒன்றிரண்டு காணாமல் போயிருப்பது குறையே அன்று. காணாமல் போன இடத்தில் துருவின் நிழல் எஞ்சியிருந்தால் அது நல்ல சான்று.

அறிகுறி: உட்புற முத்திரை தெளிவாக இருக்கிறது, ஆனால் நம்பிக்கை தரவில்லை

பல உறைகளின் உட்புறத்தில் படைத்தொகுதியின் (பல ரெஜிமெண்டுகள் அடங்கிய பெரும்பிரிவின்) ஆடைக் கிடங்கைக் குறிக்கும் பி, ஏ என்ற இரு இலத்தீன் எழுத்துகளும், அந்தப் படைத்தொகுதியின் எண்ணும், ஆண்டும் மையால் பதிக்கப்பட்டிருக்கும். மை பழைய துணியில் இழையோடு ஓடிப் பரவியிருக்கும், அதன்மேல் அழுக்கு படிந்திருக்கும். அழுக்கின்மேல் மை உட்கார்ந்திருந்தால் வரிசை தலைகீழாகிவிட்டது. ஸ்டென்சில் எண்ணுக்குச் சொன்ன அறுந்த இழைமுனைச் சோதனை இங்கும் பொருந்தும்.

மையைவிட முக்கியமானது அதில் எழுதியிருப்பது. 20ஆம், 21ஆம் படைத்தொகுதிகள் 1912இல்தான் ஆலென்ஸ்டைனிலும் சார்புரூக்கனிலும் நிறுவப்பட்டன. 18ஆம், 19ஆம் தொகுதிகள் 1899இல் வந்தவை. 20ஆம் தொகுதியின் பெயரில் 1908 என்று முத்திரை இருந்தால், முத்திரை வெட்டியவர் வரலாற்றைப் புரட்டிப் பார்க்கவில்லை என்று பொருள். 1892க்கு முந்தைய ஆண்டும் அப்படியே. எண்ணையும் முத்திரையையும் ஒன்றோடொன்று பொருத்திப் பார்ப்பதும் பயன் தரும்: மான்ஹைமில் இருந்த 110ஆம் பாடன் கிரனடியர் ரெஜிமெண்ட் கார்ல்ஸ்ரூவைத் தலைமையிடமாகக் கொண்ட 14ஆம் தொகுதியைச் சேர்ந்தது, அந்த எண்ணும் அந்தத் தொகுதியின் முத்திரையும் ஒரே உறையில் இருந்தால் மனம் சற்று இளகலாம். பொருந்தாவிட்டால் உடனே போலி என்று சொல்ல இயலாது, போர்க்காலத்தில் பொருள்கள் இடம் மாறின. முத்திரையே இல்லாத அசல் உறைகளும் உண்டு. அதிகாரிகள் தம் சொந்தச் செலவில் தைத்துக்கொண்டவற்றில் கிடங்கு முத்திரையை எதிர்பார்க்கக் கூடாது.

அறிகுறி: உறை தலைக்கவசத்தில் சரியாக உட்காரவில்லை

முதலில் வடிவத்தைச் சரிபாருங்கள். பீரங்கிப் படையின் தலைக்கவசத்தில் கூர்முனைக்குப் பதிலாக உருண்டை இருக்கும். அதற்குத் தைத்த உறையைக் கூர்முனைமேல் ஏற்ற முடியாது. குதிரைப்படையின் சதுர உச்சியுள்ள ஷப்கா, ஷாக்கோ, குய்ராசியர் என்னும் கனரகக் குதிரைப்படையினரின் உலோகத் தலைக்கவசம் ஒவ்வொன்றுக்கும் தனி உறை உண்டு. வடிவம் சரியாக இருந்தும் இறுக்கமாக இருந்தால், நூறாண்டு உலர்ந்த துணி சுருங்கியிருக்கலாம், தலைக்கவசத்தின் தோலும் கோணியிருக்கலாம். பலவந்தமாக இழுத்து மாட்டினால் கொக்கியோடு துணியும் பிய்ந்து வரும். தளர்வாகத் தொங்கும் உறையே அதிகம் ஐயப்படத் தக்கது, ஏனெனில் நடிப்புக் குழுக்களுக்கான நகல்கள் பல தலை அளவுகளுக்கும் பொருந்தும்படி பெரிதாகவே வெட்டப்படுகின்றன.

தகட்டையும் எண்ணையும் ஒப்பிடுங்கள். 109 முதல் 114 வரையுள்ளவை பாடனுக்கும், 115 முதல் 118 வரையுள்ளவை ஹெஸ்ஸனுக்கும், 119 முதல் 127 வரையுள்ளவை வூர்ட்டம்பெர்க்குக்கும் என, பிரஷ்யா அல்லாத ஜெர்மன் அரசுகளுக்கு உரியவை. 119 என்ற எண்ணுள்ள உறை பிரஷ்யக் கழுகுத் தகட்டின்மேல் வந்தால், இரண்டையும் விற்பனையாளர் பின்னாளில் சேர்த்துவைத்தார் என்பதே பெரும்பாலும் உண்மை. இரண்டும் தனித்தனியே அசலாக இருக்கலாம். சோடி என்று சொல்லிக் கேட்கும் கூடுதல் விலையைத்தான் கொடுக்க வேண்டியதில்லை.

அறிகுறி: பொருள் எல்லாச் சோதனையிலும் தேறுகிறது, உடன்வரும் கதை தேறவில்லை

கதை பொய்யானால் பொருளும் பொய் என்று ஆகிவிடாது. அமெரிக்கா 1917 ஏப்ரலில்தான் போரில் இறங்கியது, அதன் படைகள் பெருமளவில் போரிட்டது 1918இல். அப்போது முன்னணி அகழிகளில் எஃகுத் தலைக்கவசமே இருந்தது. ஆகவே 1918இல் அகழியில் கைப்பற்றியது என்ற அமெரிக்கக் குடும்பக் கதை வலுவற்றது. ஆனால் 1918 டிசம்பரிலிருந்து கோப்ளென்ஸ் பகுதியில் தங்கியிருந்த அமெரிக்கப் படையினர் அங்கே இவற்றை வாங்கியும் எடுத்தும் வந்திருக்கலாம். பயன்படுத்தாத, பளிச்சென்ற உறை ஒன்று அந்த வழியில் வந்திருக்க இடமுண்டு. பிரித்தானியக் குடும்பத்திலிருந்து 1914 அல்லது 1915ஐச் சொல்லி வரும் கதைக்குக் காலம் ஒத்துழைக்கிறது. பிரான்சில் 1914 அக்டோபர் முதல் 1915 இறுதிவரை போரிட்ட இந்தியக் காலாட்படைப் பிரிவுகளுக்கும் இது பொருந்தும் என்பதால், இந்தியாவில் பழைய அதிகாரி வீட்டுப் பெட்டியிலிருந்து ஓர் உறை வெளிவந்தால் அதைச் சிரித்து ஒதுக்கிவிட வேண்டாம். நம் ஊர் ஈரத்தில் துணி பூஞ்சைப் புள்ளிகளோடு இருப்பதையே எதிர்பாருங்கள்.

படங்களை மட்டும் பார்த்துத் தொலைவிலிருந்து வாங்க நேர்ந்தால், முன்பக்கப் படம் ஒன்று போதவே போதாது. உட்புறம் முழுவதும், எண்ணின் பின்புறத் தையல், கொக்கி ஒவ்வொன்றும், கூர்முனை நுனி, முத்திரை, தையலுக்குள் மடிந்த ஓரம் ஆகியவற்றைப் பகல் வெளிச்சத்தில் எடுத்துத் தரும்படி கேளுங்கள். உட்புறத்தைக் காட்ட மறுப்பவரிடம் காரணம் கேட்டு நேரத்தைச் செலவிட வேண்டாம். ஒப்பிட்டுப் பழக இங்கோல்ஷ்டாட்டில் உள்ள பவேரியப் படை அருங்காட்சியகம், ராஸ்டாட்டில் உள்ள படை வரலாற்று அருங்காட்சியகம், லண்டன் இம்பீரியல் போர் அருங்காட்சியகம் ஆகியவற்றின் சேகரிப்புகள் உதவும். வாங்கிய பிறகு, கதையைக் கேட்டபடியே ஒரு தாளிலும், நீங்கள் கண்ட சான்றுகளைப் படங்களோடு மற்றொரு தாளிலும் எழுதி, இரண்டையும் கலக்காமல் உறையோடு வைத்துவிடுங்கள்.